வள்ளத்தின் நடு

நடு என்பது மூட்டைக்குரிய இடம். தில்லையம்பலத்துக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரிசிப் பை, கூடாரத்துணி, தேத்தண்ணிக் கேத்தில், கருவாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் வருசா வருசம் வள்ளத்தின் நடுவில் அடுக்கிக் கயிறு போட்டது அவர் கைதான். இன்றைக்கு அந்தச் சாமான்களோடு அவரையும் சேர்த்து அடுக்கிவிட்டார்கள். கயிறு மட்டும் போடவில்லை. முழங்கால் இரண்டும் நாடிக்குக் கிட்ட வந்து நிற்கின்றன. கீழே வள்ளத்தின் தட்டு, தட்டுக்குக் கீழே தண்ணீர், தண்ணீரின் குளிர் தட்டு வழியாக ஏறி எலும்பைத் தேடுகிறது. தலையில் பழைய தொப்பி, கையில் ஒரு தூண்டில் தடி, அழுகிற பிள்ளையின் கையில் கிலுகிலுப்பையைத் திணித்த மாதிரி. முன்னால் பற்குணத்தின் முதுகு, சிவப்பு மிதவைச் சட்டைக்குள் பிதுங்கிக்கொண்டு. பின்னால் அருமைநாயகம். அவனைப் பார்க்க முடியாது, துடுப்பு தண்ணீரில் இறங்கும் சத்தம் மட்டும் வருகிறது. வள்ளத்தில் பின்னால் இருப்பவன்தான் சுக்கான். அவன் துடுப்பைச் சற்றுச் சரித்தால் போதும், முன்னால் இருப்பவன் எவ்வளவு வலித்தாலும் வள்ளம் பின்னால் இருப்பவன் நினைத்த பக்கம்தான் போகும். அது தில்லையம்பலத்தின் இடம். ஒரு சொல் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார். அதனால்தான் கேட்கவில்லை. காலையில் கரையில் வைத்து அருமைநாயகம் மிதவைச் சட்டையின் வாரை இழுத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "அண்ணை, நீங்கள் நடுவிலை இருங்கோ. தூண்டிலைப் போட்டுக்கொண்டு சொகுசாய் வாங்கோ" என்றான். சொகுசாம். பற்குணம் உடனே, "ஓம் அண்ணை, பொம்பிளை வீட்டுக்குப் போற மாப்பிள்ளை மாதிரி" என்றான். அந்த உடனேதான் உறுத்துகிறது. அப்போதுதான் கேள்விப்பட்டவன் அவ்வளவு உடனே பகிடி விடமாட்டான். காரின் பின்சீற்றில் அவர் கண்ணயர்ந்த நேரம் முன்னால் இருந்து பேசி முடித்திருக்கிறார்கள். அல்லது அதற்கும் முதலே. தாட்சாயினி இவர்களுக்கு ரெலிபோன் எடுத்திருப்பாள். அங்கிள், அப்பாவைக் கவனமாய்ப் பாருங்கோ, இப்ப முந்தின மாதிரி இல்லை. மகளின் குரல் காதுக்குள் அப்படியே கேட்டது. கேட்காத பேச்சு இவ்வளவு துலக்கமாகக் கேட்கிறது. கேட்ட பேச்சுத்தான் நிற்பதில்லை.

தண்ணீர் அகன்றது. ஒடுங்கிய வாய்க்கால் முடிந்து வள்ளம் பெரிய குளத்துக்குள் வந்துவிட்டது. பெரிய குளம் என்பது இவர்கள் வைத்த பெயர். பலகையில் இருப்பது வேறு பெயர், இந்த மண்ணின் ஆதிச்சனங்களுடைய சொல், அதை வெள்ளைக்காரன் எழுதிவைத்த விதத்தில் இவர்கள் ஒருவர் வாய்க்குள்ளும் அது நுழையவில்லை. இங்கே எல்லாவற்றுக்கும் இவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கண்ணன் என்றால் கண் மினுங்குகிற அந்த மீன். ஒப்பாரி என்றால் பொழுதுபடத் தண்ணீரில் இருந்து அழுகிற அந்தக் கறுப்புப் பறவை. குளத்தின் வடக்குத் தலைப்பில் கற்பாறை ஒன்று மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். மூக்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு குடா. ஒன்று சங்கக்கடை, ஊரில் கூட்டுறவுச் சங்கத்தின் கடை. போனால் எல்லாம் கிடைக்கும், மீன், விறகு, கூடாரம் அடிக்கச் சமநிலம். மற்றது கச்சேரி. பாட்டுக் கச்சேரி இல்லை, ஊரில் அரசாங்க அதிபர் இருக்கிற கந்தோர். விடியப் போய்க் குந்தினாலும் பின்னேரம் வரைக்கும் ஒரு அலுவலும் நடக்காது. குடாவும் அப்படித்தான். சேறு, நாணல், நுளம்பு. பெயர் வைத்தவன் இரத்தினசிங்கம். அவன் வாயில் வந்தால் பிறகு வேறு பெயர் நிலைக்காது. அப்போது இரண்டு வள்ளம். முன் வள்ளத்தில் சிங்கம் முன்னுக்கு, தில்லையம்பலம் பின்னுக்கு. பின் வள்ளத்தில் இந்த இரண்டு பேரும். முதல் தரம் வந்தபோது கரையில் வைத்துப் பற்குணம் வாயைத் திறந்து, "எங்கை அண்ணை போறம்?" என்று கேட்டுவிட்டான். தில்லையம்பலத்துக்குக் கோபம் ஏறிவிட்டது. "வெளிக்கிடேக்கை எங்கை எண்டு கேக்கிறதே? உன்ரை வீட்டிலை ஒண்டும் சொல்லித் தரேல்லையே?" பற்குணம் முழித்தான். "பின்னை எப்பிடிக் கேக்கிறது?" "தூரமோ எண்டு கேள். இல்லாட்டிப் பொத்திக்கொண்டு இரு." அன்றைக்கு முழுக்க மழை. அரிசி நனைந்தது, தீப்பெட்டி நனைந்தது, சிங்கம் கூடாரத்துக்குள் இருந்து பற்குணத்தைப் பெயர் சொல்லித் திட்டினான். அதோடு அந்தக் கேள்வி செத்தது. பிறகு ஒருவரும் கேட்டதில்லை. தில்லையம்பலம் ஏறி இருப்பார், வள்ளம் போகும், மற்றது பின்னால் வரும். இன்றைக்கும் ஒருவரும் கேட்கவில்லை. காரில் இருந்து சாமான் இறக்கும்போது வரைபடத்தைக் காணவில்லை என்று தேடினார்கள். பற்குணம், "அண்ணை இருக்கேக்கை மாப் என்னத்துக்கு" என்று கார்க் கதவை அடித்துச் சாத்தினான். அது பகிடியா, குத்தலா. மூட்டையோடு மூட்டையாய்க் கட்டப்போகிற ஆளைப் பார்த்து அப்படிச் சொன்னால் குத்தல்தான். இப்போது அருமைநாயகம் எங்கே கொண்டுபோகிறான் என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. அவர் போட்ட சட்டம்.

காற்று இல்லை. புரட்டாதி வெயில், சூடு இல்லாத வெயில், பார்வைக்கு மட்டும். கரையில் மேப்பிள் அங்கங்கே சிவந்துவிட்டது. ஒப்பாரி ஒன்று நீருக்குள் போனது, எங்கே எழும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தார், எழும்பவில்லை, அல்லது அவர் பார்க்காத பக்கம் எழும்பியிருக்கும். சிங்கம் இருந்தால் பந்தயம் பிடிப்பான். சிங்கம் இருக்கிறான். இருக்கிறான் என்றுதான் சொல்லவேண்டும். முதியோர் இல்லத்தில், யன்னலோரக் கதிரையில், சவரம் எடுத்த முகத்தோடு. பள்ளிக்கூட நாளில் இருந்து டேய் தில்லை என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டு அறியாதவன். ஆடி மாதம் தில்லையம்பலம் பருத்தித்துறை வடைப் பையோடு போனார். சிங்கம் கதிரையில் இருந்து எழும்பிவிட்டான். இரண்டு கையையும் கூப்பினான். "வாங்கோ, இருங்கோ. தூரத்திலை இருந்தோ வாறியள்?" அவ்வளவு மரியாதை. கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். வடையை எடுத்துக் கடித்துக்கொண்டு, "உங்களுக்குப் பிள்ளையள் எத்தினை பேர்?" என்று கேட்டான். "ஒருத்தி" என்றார். "நல்லது, நல்லது" என்றான், கலியாண வீட்டில் அறியாத ஆளோடு பேசுகிற குரலில். இந்தக் குளத்தில் நிலவில் துடுப்புப் போட்டவன். கச்சேரிக்குப் பெயர் வைத்தவன். அந்தப் பெயர் இப்போது அவனிடம் இல்லை, இவரிடம் இருக்கிறது. இவரிடம் இருக்கிறதா. வெளியே வந்தால் காரைக் காணவில்லை. இல்லத்துக்குப் பக்கத்துக் கடைத்தொகுதியின் தரிப்பிடத்தில்தான் விட்டது. வரிசை வரிசையாகக் கார். வெள்ளைக் கார் எல்லாம் அவருடைய கார். ஒவ்வொன்றுக்கும் கிட்டப் போய் உள்ளே எட்டிப் பார்த்தார், ஒரு பெண் உள்ளே இருந்து யன்னலைத் தட்டி என்ன வேண்டும் என்று கேட்டாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். பனி கொட்டி றோட்டும் வயலும் ஒன்றாய்ப் போன காலைகளில்கூட எந்தப் படலையில் எந்தப் பிள்ளை நிற்கும் என்று தெரிந்து நிற்பாட்டியவர். கடைசியில் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார். பற்றரி செத்துப்போட்டுது என்று மகளிடம் சொன்னார். மருமகன் போய்த் திறப்பைப் போட்டுத் திருப்பினான், கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. கொண்டுவந்து முற்றத்தில் விட்டான். திறப்பை மேசையில் வைத்தான். இரவு தாட்சாயினி சோற்றைப் போட்டுவிட்டுக் கிட்ட இருந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எந்தக் கறியை எங்கே தொடுகிறார் என்று பரீட்சை வைக்கிற மாதிரி. கட்டின மனுசி உயிரோடு இருந்திருந்தால் ஏசியிருப்பாள். ஏச்சு ஒரு நிம்மதி. இந்தப் பயணத்துக்கு வெளிக்கிடும்போது மட்டும் மகள், "இதோடை காணும் அப்பா" என்றாள். எதோடு போதும் என்று அவர் கேட்கவில்லை.

நூல் இழுத்தது. தடி வளைந்தது. மீன் என்று நெஞ்சு ஒரு தரம் எழும்பி, இல்லை என்று இருந்துவிட்டது. மீன் இழுத்தால் விட்டு விட்டு இழுக்கும், இது பிடிவாதம். "பாசி" என்றார். அருமைநாயகம் வள்ளத்தைப் பின்னுக்கு எடுத்தான், நல்லாய்த்தான் எடுத்தான், அவர் எடுப்பதைவிடச் சத்தம் குறைவாய். அதுவும் பிடிக்கவில்லை. தூண்டிலில் பச்சை முடி மாதிரிச் சுற்றியிருந்ததைப் பிய்த்து எறிந்தார். "என்ன அண்ணை, குழம்புக்குக் கீரை பிடிச்சாச்சோ?" முன்னால் இருந்து பற்குணம், திரும்பாமல். "உன்ரை அலுவலைப் பார்" என்றார். திரும்ப எறிந்து தலையை நிமிர்த்தியபோதுதான் மூக்கு தெரிந்தது. தூரத்தில், தண்ணீர் முடிகிற இடத்தில், சாம்பல் நிறத்தில். வள்ளம் மூக்குக்கு நேரே போய்க்கொண்டிருந்தது. இனி ஒரு பக்கம் திரும்பவேண்டும். வலப்பக்கம். சங்கக்கடை வலப்பக்கம். அந்தக் குடாவின் வாயில் ஒரு பட்ட பைன் மரம் நிற்கும், கொப்பு இல்லாமல், உச்சியில் பருந்துக் கூடு. இடப்பக்கம் கச்சேரி. இடப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே பட்ட மரம் இல்லை என்று உறுதிப்படுத்தத்தான் பார்த்தார். காடு ஒரே பச்சைக் கோடு, ஒன்றும் பிரியவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து வள்ளத்தின் நுனி மெல்ல இடப்பக்கம் சாய்கிற மாதிரி இருந்தது. காற்றா. காற்று இல்லை. அருமைநாயகம்தான். உவன் ஏன் கச்சேரிக்குத் திருப்புகிறான். எல்லாம் தெரிந்தவன் போலச் சுக்கானில் ஏறி இருந்தான், இப்போது சேற்றுக்குள் கொண்டுபோகிறான். போகட்டும். நாணலுக்குள் மாட்டி நுளம்பு கடிக்கட்டும், அப்போது திரும்பி அண்ணை என்பான். அந்த நினைப்பு ஒரு நிமிசம் வெல்லம் மாதிரி இருந்தது. பிறகு கரைந்து அடியில் வேறு ஒன்று கிடந்தது. அவன் சரியாகவும் இருக்கலாமே. பாசியில் மாட்டின நூல் மாதிரி அந்த நினைப்பு விடவில்லை. சிங்கத்தின் தொப்பி ஞாபகம் வந்தது. ஒரு வருசம் சங்கக்கடைக்குள் போகும்போது சிங்கம் முன்னால் இருந்து தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, "டேய் தில்லை, வெயில் கண்ணைப் புடுங்குது, நீயே பாத்து விடு" என்றான். வெயில் கண்ணில். இப்போது பின்னேரம், வெயில் இடப்பக்கம். வெயில் கண்ணில் அடிக்கிறதென்றால் இடப்பக்கத்துக் குடா. அப்படியென்றால் சங்கக்கடை இடப்பக்கம். அருமைநாயகம் சரி, இவர் பிழை. ஆனால் அது பின்னேரமா. அந்த வருசம் வாய்க்காலடியில் இரவு தங்கிக் காலையில்தானே குளம் கடந்தது. காலை வெயில் வலப்பக்கம். அப்போ வலப்பக்கம்தான். காலையில் என்றால் கேத்தில் சூடாக இருந்திருக்கும், சிங்கம் காலுக்கிடையில் கேத்திலை வைத்திருந்தான், கால் சுட்டதென்று கத்தினான். அது அந்த வருசமா, அதற்கு முந்தினதா. இரண்டு தொப்பி வைத்திருந்தான். எந்தத் தொப்பி. ஒரு தொப்பியைப் பிடித்து ஒரு குடாவைக் கண்டுபிடிக்கப் பார்க்கிற விசர் வேலை. முந்தியெல்லாம் கை அறியும், மூளையைக் கேட்டதில்லை. துடுப்பு கையில் இருந்திருந்தால் கை திருப்பியிருக்கும், பிறகு பார்த்தால் பட்ட மரம் நிற்கும். கையில் இருந்து துடுப்பை எடுத்தவுடன் குடாவையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். திரும்பவும் இடப்பக்கம் பார்த்தார். பார்க்கப் பார்க்க வள்ளம் இன்னும் இடப்பக்கம் போனது. அவன் இவ்வளவு நிச்சயமாகப் போகிறான். ஒரு தடுமாற்றம் இல்லை. தெரியாதவன் இப்படித் துடுப்புப் போடமாட்டான். அப்போ இவர்தான். வாங்கோ, இருங்கோ, தூரத்திலை இருந்தோ வாறியள். அது இப்படித்தான் தொடங்கும்போல. ஒரு நாளும் சொல்லிக்கொண்டு வராது. ஒரு வெள்ளைக் கார், ஒரு குடா, ஒரு தொப்பி. பிறகு ஒரு நாள் தாட்சாயினி கதவைத் திறந்துகொண்டு வருவாள், இவர் எழும்பிக் கை கூப்புவார். சிங்கத்துக்கு அன்றைக்கு முகத்தில் ஒரு கவலையும் இருக்கவில்லை. வடை நல்லாயிருக்கு என்றான். அதுதான் பயம். பயம்கூட இல்லாமல் போய்விடுகிற பயம்.

நாணலின் மணம் வந்தது, அல்லது வந்தமாதிரி இருந்தது. இனிப் பொறுக்க ஏலாது. "எங்கையடா போறம்?" என்றார். குரல் அவர் நினைத்ததைவிடச் சின்னதாய் வந்தது. இரண்டு துடுப்பும் நின்றன. துடுப்பின் நுனியில் இருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். பற்குணத்தின் முதுகு மெல்லக் குலுங்கியது. "கேட்டியே அருமை? வெளிக்கிடேக்கை கேக்கக்கூடாத கேள்வியை ஆர் கேக்கிறது எண்டு. நான் கேட்டதுக்கு ஒரு நாள் முழுக்க மழை பெய்ஞ்சது." "நீ பொத்து" என்றார் தில்லையம்பலம். "அருமை, உன்னைத்தான் கேக்கிறன். எங்கை போறாய்?" பின்னால் இருந்து அருமைநாயகத்தின் குரல் வந்தது, கேள்வி விளங்காதவனின் குரல். "நீங்கள் போற பக்கம்தான் அண்ணை." "நானோ போறன்? சுக்கான் உன்னட்டையெல்லோ கிடக்கு." "சுக்கான் என்னட்டை. வழி உங்களிட்டையெல்லோ. நீங்கள் இடப்பக்கம் பாத்தியள், நானும் இடப்பக்கம் விட்டன். பேந்தும் பாத்தியள், இன்னும் விட்டன்." அவன் அவசரமில்லாமல், தேத்தண்ணி ஆற்றுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போனான். "இவ்வளவு காலமும் பின் வள்ளத்திலை இருந்து உங்கட தலையைப் பாத்துக்கொண்டுதானே வந்தனாங்கள். உங்கட தொப்பி திரும்பின பக்கம் நாங்களும் திரும்பினம். எனக்கு எங்கை வழி தெரியும்? இந்த முறை ஒரு வள்ளம். நீங்கள் பின்னுக்கு இருந்தால் எனக்கு உங்கட தலை தெரியாது. அதுதான் நடுவிலை வைச்சனான்." "எனக்கும் தெரியாது அண்ணை," என்றான் பற்குணம். "முன்னுக்கு இருக்கிறன் எண்டதுக்காக வழி தெரியும் எண்டு நினைச்சுப்போடாதேங்கோ. நான் தண்ணியைத்தான் பாக்கிறன். சங்கக்கடையும் கச்சேரியும் எனக்கு இஞ்சையிருந்து ஒரே மாதிரிக் கிடக்கு. கச்சேரி எண்டால் சொல்லுங்கோ, பத்திரம் நிரப்பப் பேனையும் கொண்டு வரேல்லை."

சிரிக்கவேண்டிய இடம். அவர்கள் சிரித்தார்கள். தில்லையம்பலத்துக்கு முதலில் வந்தது சந்தோசம் மாதிரி ஒன்று. மூட்டை இல்லை. மகள் ரெலிபோன் எடுக்கவில்லை, அல்லது எடுத்திருந்தாலும் இவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது நெஞ்சு வரைக்கும் வந்து அங்கே நின்றது. பிறகு மெதுமெதுவாக மற்றது விளங்கியது. அருமைநாயகத்தின் நிச்சயம் என்று அவர் இவ்வளவு நேரமும் பயந்துகொண்டிருந்தது அவருடைய சொந்தக் கழுத்தின் அசைவு. அவன் சரியாக இருக்கலாம் என்று நினைத்தபோது பயம் இருந்தது, அதற்குள் ஒரு ஆறுதலும் இருந்தது, இவர் மறந்தாலும் இந்த வள்ளத்தில் ஒருவனுக்குத் தெரியும் என்று. அது போய்விட்டது. மூன்று பேர், இவ்வளவு பெரிய தண்ணீர், ஒரு தொப்பி. தொப்பிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று முன்னால் இருப்பவனுக்கும் தெரியாது, பின்னால் இருப்பவனுக்கும் தெரியாது. தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான், அவன் யன்னலோரத்தில் இருந்துகொண்டு வருகிறவர்களைக் கும்பிடுகிறான். தெரியாது என்று சொல்லலாம். எனக்கும் நிச்சயமில்லையடா என்று சொல்லலாம். இரண்டு சொல்தான். வாய்க்குள் அதைப் புரட்டிப் பார்த்தார், மீன் முள் மாதிரி ஒரு பக்கமும் படியவில்லை. சொன்னால் இவர்கள் ஏசமாட்டார்கள். அன்பாய்ப் பேசுவார்கள். பரவாயில்லை அண்ணை என்பார்கள். அடுத்த வருசம் பயணத்துக்குக் கூப்பிட்டு ரெலிபோன் வராது. வள்ளம் தன்பாட்டில் மிதந்தது. மூக்குப் பாறை இப்போது கிட்ட வந்திருந்தது, இரண்டு பக்கமும் வாய் திறந்த இருட்டு, இரண்டும் ஒரே மாதிரி. வலப்பக்கக் கரையில் வெள்ளையாய் ஒரு கோடு நிமிர்ந்து நின்றது. பட்ட மரமாக இருக்கலாம். உயிரோடு நிற்கிற வேறு ஏதும் மரமாகவும் இருக்கலாம். அதன் உச்சியில் கூடு இருக்கிறதா என்று இந்தத் தூரத்தில் அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பின்னால் அருமைநாயகம் தொண்டையைச் செருமினான். பெரியவர்களிடம் கேட்கிற முறையில், குரலைத் தாழ்த்தி, அவர் கற்றுக்கொடுத்தபடியே கேட்டான். "தூரமோ, அண்ணை?"

"கிட்டத்தான்" என்றார் தில்லையம்பலம். தொப்பியைச் சரிசெய்தார். தலையை வலப்பக்கம் திருப்பினார். பின்னால் துடுப்பு ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் மாறும் சத்தம் கேட்டது, இரண்டு சொட்டு அவர் தோளில் விழுந்தது, வள்ளத்தின் நுனி பாறையைத் தாண்டி மெல்ல வலப்பக்கம் வந்தது. வெயில் பிடரியில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் கழுத்து நோகத் தொடங்கியது. அவர் அசைக்கவில்லை.